பிரான்ஸில் பாறையேற்றம்: ஃபோன்தென்புளோ காடா, தெற்கின் சுண்ணாம்புச் சுவர்களா?

குன்றேறி:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரின் பெரும்பகுதியைப் பிரான்ஸில் பாறைகளோடு கழிக்க நானும் என் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். பத்து வயது மகளும் உடன் வருகிறாள். நாங்கள் இருவரும் பெங்களூரில் உள்ளரங்குச் சுவர்களிலும், குளிர்காலத்தில் ஹம்பியின் கருங்கல் உருண்டைகளிலும் ஏறிப் பழகியவர்கள். கயிறில்லாமல் தாழ்ந்த பாறைகளில் ஏறும் போல்டரிங்கில், எண் கூடக்கூடக் கடுமை கூடும் அளவில் 6பி தரம் வரை ஏறுவோம். பாதாமியின் மணற்கல் சுவர்களில் கயிற்றை மாட்டுவதற்கான இரும்பு போல்ட் அடித்த வழிகளில் கயிற்றோடு முன்னேறிய அனுபவமும் உண்டு. ஆனால் பல கயிற்று நீளங்கள் கொண்ட உயர்ந்த சுவர்களில் ஏறியதில்லை.

தேடத் தேட ஃபோன்தென்புளோ, வெர்தோன், செயூஸ், பியூக்ஸ், கலாங்க் என்று பெயர்கள்தான் குவிகின்றன. எல்லாமே உலகப் புகழ் பெற்றவை என்கிறார்கள். எங்களுக்கு எது பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை. அங்கே ஏறியவர்கள், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று காரணத்தோடு சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வாணி_பாரிஸ்:

வணக்கம் குன்றேறி. பாரிஸின் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். ஃபோன்தென்புளோ காடு எனக்கு வார இறுதிகளின் வீடு. அதனால் நான் ஒருபக்கமாகப் பேசுவதாகத் தோன்றலாம். ஆனாலும் பத்து வயதுக் குழந்தையோடு வரும் போல்டரிங் குடும்பத்துக்கு உலகிலேயே இதைவிடப் பொருத்தமான இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பாரிஸிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஓக், பீச், பைன் மரங்களுக்கு இடையே ஆயிரக்கணக்கான மணற்கல் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடல் விட்டுச் சென்ற தூய சிலிக்கா மணல்தான் பிற்காலத்தில் இறுகிக் கல்லானது. மூன்று குன்றுகள் என்னும் பொருள்படும் த்ருவா பிஞ்ஞோன் பகுதியில், குல் த சியேன் என்ற இடத்தில் இன்றும் பாறைகளுக்கு நடுவே வெண்மணல் பரப்பு இருக்கிறது. உங்கள் மகள் அந்த மணலை விட்டு வர மறுக்கக்கூடும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இந்தக் காட்டை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுத்துவது வண்ணச் சுற்றுகள். பாரிஸின் மலையேறிகள் ஆல்ப்ஸுக்குப் போவதற்கு முன் உடலைத் தயார் செய்ய இங்கே வந்தார்கள். 1935இல் த்ரு சிகரத்தின் வடமுகத்தில் முதலில் ஏறிய பியர் அலேன் இங்கே பழகியவர். வழுவழுப்பான ரப்பர் அடியுள்ள ஏற்றக் காலணியை உருவாக்கியதும் அவரே. நாள் முழுதும் ஓயாமல் மலையில் ஏறும் திறனை வளர்க்க, ஒரு பாறையில் ஏறி இறங்கி உடனே அடுத்ததற்குப் போகும்படி, வரிசையாக எண்ணும் அம்பும் வண்ணத்தில் எழுதி வைத்தார்கள். மஞ்சள் எளிது, ஆரஞ்சு அதற்கு அடுத்தது, பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடுமை கூடும். வெள்ளைக்கு இரண்டு பொருள் உண்டு. சில இடங்களில் அது குழந்தைகளுக்கான சுற்று, சில இடங்களில் மிகத் தேர்ந்தவர்களுக்கான சுற்று. ஆகவே பாறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள். குழந்தையோடு தொடங்க கான்ஷ் ஓ மெர்சியே, ரொஷே கனோன் ஆகிய இரண்டும் நல்லவை. கார் இல்லாதவர்கள் புவா-ல-ருவா ரயில் நிலையத்தில் இறங்கி ரொஷே கனோனுக்கு நடந்தே போகலாம்.

தரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று உலகம் முழுவதும் போல்டரிங்குக்குப் பயன்படும் 6ஏ, 7ஏ என்னும் அளவை இந்தக் காட்டின் பெயரால் வழங்குகிறது. ஆனால் இங்குள்ள 6ஏ உள்ளரங்கின் 6ஏ அல்ல. பிடிப்பதற்கு விளிம்பே இல்லாத உருண்டைத் திரட்சிகளில் உள்ளங்கையை அழுத்தி, காலடியின் உராய்வை நம்பி எழ வேண்டும். கை வலிமை பெரிதாக உதவாது. பா குவியே பகுதியில் 1946இல் ரெனே ஃபெர்லே ஏறிய 'லா மரி ரோஸ்' இக்காட்டின் முதல் 6ஏ என்று மதிக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளாகக் காலணிகள் உரசி அதன் அடிப்பகுதி மெருகேறிவிட்டது. 7ஏ, 7பி ஏறுபவர்களும் அதில் வழுக்கி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதே பகுதியில் 1960இல் மிஷேல் லிபேர் ஏறிய 'லபத்வார்' 7ஏ. 1984இல் ஜாக்கி கொதோஃப் ஏறிய 'செத்தே தெமேன்' 8ஏ. ஏறத்தாழ நாற்பது ஆண்டு வளர்ச்சியை ஓரிரு மணி நேர நடையில் தொட்டுப் பார்க்கலாம் என்பதே எனக்கு இந்தக் காட்டில் மிகவும் பிடித்தது.

நீங்கள் ஹம்பியிலிருந்து வருவதால் ஓர் எச்சரிக்கை: கருங்கல்லின் சொரசொரப்புக்குப் பழகிய கால்கள் முதல் சில நாட்கள் மஞ்சள், ஆரஞ்சுச் சுற்றுகளில் கழியட்டும். அதை நேர விரயமாக நினைக்க வேண்டாம்.

நெடுஞ்சுவர்:

வாணி அவர்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன், ஒன்றைத் தவிர: மாதம் முழுவதையும் காட்டிலேயே கழித்தால் பிரான்ஸின் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவீர்கள். கிரனோபிளில் ஆய்வு மாணவனாக இருந்தபோது தெற்கின் சுண்ணாம்புச் சுவர்களில்தான் நான் வளர்ந்தேன். மணற்கல்லில் உடலின் எடையைக் கால் தாங்குகிறது. சுண்ணாம்புக்கல்லில் கண் முதலில் வழியைப் படிக்க வேண்டும். நீர் அரித்த குழிகளும் மெல்லிய விளிம்புகளும் ஒரே வெண்சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கும்.

பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெர்தோன் பள்ளத்தாக்கை ஏறும் இடமாக உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பாவின் மிக அழகிய சுண்ணாம்புச் சுவர் அதுவே என்பது என் கருத்து. ஆழம் சில இடங்களில் 700 மீட்டர் வரை போகிறது. பிரச்சினை அதன் அமைப்பில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் சாலை மேலே ஓடுகிறது, ஆறு கீழே ஓடுகிறது. ஆகவே மேலிருந்து கயிற்றில் இறங்கி, பிறகு ஏறித்தான் வெளியே வர வேண்டும். சாதாரண மலையில் களைத்தால் இறங்கிவிடலாம். இங்கே களைத்தவருக்கும் மழையில் மாட்டியவருக்கும் வழி மேல்நோக்கியே இருக்கிறது. இறங்கிய கயிற்றை இழுத்துவிட்டால் பின்வாங்கல் என்பதே இல்லை. போல்டுகளுக்கு இடையே தொலைவும் அதிகம். 1968இல் கொக்கூன்யோவும் கியோவும் முதன்முதலாக ஏறிய 'லா தெமாந்த்' சுமார் 300 மீட்டர் உயரம். தரம் 6 அளவில்தான், ஆனால் உடலே நுழையும் அகலமுள்ள அதன் நெடும் புகைபோக்கிப் பிளவுகள் தேர்ந்தவர்களையே திணற வைப்பவை. பல கயிற்று நீளம் ஏறிப் பழகாதவர்கள் அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளும் பள்ளியாக வைத்துக்கொள்ளக் கூடாது. லா பாலு கிராமத்திலிருந்து கிளம்பும் முகட்டுச் சாலையின் பார்வைத் தளங்களிலிருந்து ஏறுபவர்களைப் பாருங்கள். 1999 முதல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள் உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே பறக்கும். மகளுக்கு அது போதும், உங்களுக்கும் போதும்.

செயூஸ் காப் நகருக்கு அருகே மலையுச்சியைச் சுற்றி ஓடும் சுண்ணாம்புப் பட்டை. ஷான்-கிறிஸ்தோஃப் லஃபாய் போல்ட் அடித்து வைத்த 'பியோகிராஃபி' வழியை 2001இல் கிறிஸ் ஷார்மா முழுவதும் ஏறியதும் 9ஏ பிளஸ் என்னும் தரம் உலகில் உறுதிப்பட்டது; அதனால் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். ஆனால் அடிவாரத்திலிருந்து சுவரை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரச் செங்குத்து நடை. அதன் சிறந்த வழிகள் 7ஆம் தரத்தில்தான் தொடங்குகின்றன, போல்டுகளும் தள்ளித் தள்ளி இருக்கும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இன்னும் சில ஆண்டுகள் ஏறிவிட்டு வாருங்கள், அப்போது அந்த நீலச் சாம்பல் சுவர் உங்களுக்காகவே காத்திருந்ததாக உணர்வீர்கள்.

பியூக்ஸ் 1980களில் உலகின் கடினமான ஏற்றங்களின் தலைநகர். ஒற்றை விரல் மட்டும் நுழையும் குழிகளில் தொங்கும் ஏற்றம் அது. விரல் தசைநாண் பழகாதவர்களுக்குக் காயம் நிச்சயம். ஏல்ஃப்ருவாத் என்னும் ஆல்ப்ஸ் கிராமம் கருங்கல் விரும்பிகளுக்குச் சொர்க்கம், ஆனால் அது கோடைக்கால இடம். அக்டோபரில் காலம் கடந்துவிடும்.

நான் சொல்வது ஓர்பியேர். ஓத்-ஆல்ப்ஸ் மாவட்டத்தின் இந்தச் சிறு கிராமத்தின் தெருக்களிலிருந்தே சுவர்களுக்கு நடந்து போகலாம். எளிய வழிகள் முதல் கடினமானவை வரை நூற்றுக்கணக்கில் உண்டு; போல்டுகள் நெருக்கமாக இருக்கும்; சுவர்கள் பல திசைகளை நோக்கி நிற்பதால் வெயிலையோ நிழலையோ தேர்ந்துகொள்ளலாம். கிகியோன் என்ற பெருஞ்சுவரில் நூறு மீட்டருக்கு மேல் நீளும் எளிய வழிகள் உண்டு. பல கயிற்று நீள ஏற்றத்தை முதன்முதலாக ஒரு வழிகாட்டியோடு கற்க அதைவிட நிதானமான இடம் எனக்குத் தெரியாது.

மலைக்காற்று:

நல்ல உரையாடல். வாணி அவர்களிடம் ஒரு கேள்வி. அக்டோபரில் பாரிஸ் பக்கம் மழை அடிக்கடி வரும். மழை நின்று வெயில் வந்தால், பாறையின் மேற்பரப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. உள்ளூர்க்காரர்கள் சிலர் ஏறுவதையும் கண்டேன். கை வழுக்காத அளவுக்குக் காய்ந்தால் போதும் அல்லவா? விடுப்பு எடுத்துத் தொலைதூரத்திலிருந்து வருபவர்கள் நாள்கணக்கில் காத்திருக்க முடியாதே.

வாணி_பாரிஸ்:

போதாது, மலைக்காற்று அவர்களே. இந்த இழையில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் அது இதுவாக இருக்கட்டும்.

கருங்கல்லில் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மழை அவற்றுக்கிடையே புகுவது மிகக் குறைவு. மணற்கல்லில் தனித்தனி மணல் துகள்களை மெல்லிய பசை போன்ற பொருள் கட்டி வைத்திருக்கிறது, இடையில் நுண்ணிய வெற்றிடங்கள். நீர் அந்த வெற்றிடங்களில் ஏறும்போது கட்டு தளர்ந்து கல்லின் வலிமை வெகுவாகக் குறைகிறது. ஃபோன்தென்புளோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நூற்றாண்டுகளாக வெளிக்காற்றில் கிடந்த பாறைகளின் மேல் சிலிக்காவால் ஆன கடினமான தோல் உருவாகியிருக்கிறது. அதன் அடியில் இருப்பது மென்மையான மணல். வெளித்தோல் வெயிலில் காய்ந்தாலும், நனைந்த வெல்லக்கட்டியைப் போல, உள்ளே ஈரம் தங்கியிருக்கும். அந்த நிலையில் ஒரு விளிம்பில் முழு எடையோடு தொங்கினால் தோல் பெயர்ந்து வந்துவிடும். அடியிலுள்ள மணலை விரலால் தேய்த்தாலே உதிர்வதைப் பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு மழையும் அந்தப் புண்ணை ஆழமாக்கும். அந்தப் பிடி திரும்ப வராது. பல பத்தாண்டுகளாகப் பலர் ஏறிய ஏற்றம் ஒரே நாளில் இல்லாமல் போகும்.

உள்ளூர்க்காரர் ஏறுவதைக் கண்டதாகச் சொன்னீர்கள். அவர்கள் காற்றோட்டமான மேட்டில், மழை நேராகப் படாத, விரைவில் உலரும் பாறைகளைத் தெரிந்து தேர்ந்திருக்கலாம். சிலர் அக்கறையின்றியும் ஏறலாம். முதல் வகையினருக்குக் காட்டைப் பற்றிய பல ஆண்டு அறிவு இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவருக்கு அது இல்லாததால், பாறையின் அடியிலுள்ள மணலைப் பாருங்கள். அது ஈரமாக இருந்தால் பாறையும் ஈரம் என்று கொள்ளுங்கள். பெருமழைக்குப் பின் நிழலான பள்ளங்களில் இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகும்.

தூய்மை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு முன் காலணியின் அடியைத் துணியால் துடையுங்கள். ஒட்டியிருக்கும் மணல் அரத்தைப் போலப் பாறையைத் தேய்க்கும். மென்மையான தூரிகை மட்டுமே. கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் இங்கே பலர் பைன் பிசினான ரோசினைத் துணியில் முடிந்து பாறையில் தட்டுவார்கள். அது பிடிகளின்மேல் கண்ணாடி போன்ற படலத்தை விட்டுவிட்டதால், இப்போது ஏறுநர் அமைப்புகள் அதைக் கைவிடச் சொல்கின்றன. அந்தப் பழக்கத்தை யாரிடமிருந்தும் கற்காதீர்கள்.

மலைக்காற்று:

காரணத்தோடு விளக்கியதற்கு நன்றி. அடியிலுள்ள மணலைப் பார்க்கும் முறை எளிதாக இருக்கிறது. என் குழுவினருக்கும் சொல்கிறேன். அப்படியானால் மழை தொடர்ந்தால் என்ன செய்வது?

நெடுஞ்சுவர்:

தெற்கே போய்விடுங்கள். பாரிஸிலிருந்து மார்செய்க்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வடக்கில் மழை பிடித்திருக்கும் வாரத்தில் மத்தியதரைக் கடலோரம் பெரும்பாலும் வெயில் இருக்கும். இலையுதிர்காலத்தில் அங்கும் சில நாட்கள் பெருமழை கொட்டும் என்பது உண்மை. ஆனால் கெட்டியான சுண்ணாம்புக்கல் காற்று வீசினால் விரைவில் உலர்ந்துவிடும், ஈரத்தில் மணற்கல்லைப் போல உடைவதும் இல்லை.

மார்செய்க்கும் காசி (Cassis) என்ற கடலோர ஊருக்கும் இடையிலுள்ள கலாங்க் கடற்பாறைகளைப் பற்றி முன்பு சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அதற்குத் தனியிடம் தர வேண்டும் என்பதே. வெண்சுவர்கள் நேராக நீலக் கடலில் இறங்கும் இந்த இடம் 2012 முதல் தேசியப் பூங்கா. மார்செய் நகரில் பிறந்த மலையேறி கஸ்தோன் ரெபுஃபா ஆல்ப்ஸின் பெரும் வடமுகங்களை ஏறும் முன் கைபழகியது இங்கேதான். கோடையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, காட்டுத்தீ அபாயம் காரணமாக நாளுக்கு நாள் நுழைவைக் கட்டுப்படுத்துவார்கள். அக்டோபரில் அந்தக் கவலை குறைவு, கடல் நீரும் குளிக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். பழைய எளிய வழிகள் மெருகேறி வழுக்கும். கடலுக்கு அருகே உப்புக்காற்று போல்டுகளை அரிக்கும். துருவேறியதையும் அசைவதையும் நம்பாமல், அண்மையில் மாற்றப்பட்ட வழிகளை உள்ளூர்க் கையேட்டில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கல்நெஞ்சன்_லியோன்:

இத்தனை பேர் எழுதியும் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது: நீங்கள் போகும் பாறை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய இணையப் பக்கங்களை நம்பிப் போய் மூடிய வாயிலைக் கண்டு திரும்பியவர்கள் பலர்.

பின்னணியைச் சொல்கிறேன், ஏனென்றால் இது பிரான்ஸின் பாறையேற்றத்தையே அசைத்த விவகாரம். நாட்டின் பல சுவர்கள் தனியார் அல்லது கிராம நிலத்தில் இருக்கின்றன. நில உரிமையாளருக்குப் பொறுப்பு வராதபடி, பிரெஞ்சு மலை மற்றும் பாறையேற்றக் கூட்டமைப்பு அவர்களோடு ஒப்பந்தம் செய்து பராமரிப்பைத் தானே ஏற்றிருந்தது. 2010இல் ஸ்பெயின் எல்லைக்கு அருகிலுள்ள விங்ரோ சுவரில் ஒரு பெரும் கற்பாளம் பெயர்ந்து இருவர் கடுமையாகக் காயமடைந்தனர். கூட்டமைப்பின் தவறு எதுவும் நிறுவப்படாத நிலையிலும், பாறையின் காப்பாளர் என்ற ஒரே காரணத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. 2019இல் துலூஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தொகை பத்து லட்சம் யூரோவுக்கும் மேல். அதன் பிறகு கூட்டமைப்பு ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளத் தொடங்கியது. பொறுப்பு மீண்டும் தங்கள் தலையில் விழும் என்று அஞ்சிய உரிமையாளர்கள் சிலர் தடை விதித்தனர். 2022 பிப்ரவரியில் வந்த சட்டம், விளையாட்டிலேயே அடங்கியிருக்கும் ஆபத்தால் நேரும் சேதத்துக்கு இயற்கை நிலத்தின் காப்பாளர் தவறில்லாமல் பொறுப்பாக மாட்டார் என்று திருத்தியது. நிலைமை தேறிவருகிறது என்றாலும் ஒவ்வொரு கிராமமும் தன் முடிவைத் தானே எடுக்கிறது. வசந்தகாலத்தில் பருந்து, கழுகுகள் கூடு கட்டும்போது சில பகுதிகளை மூடுவது இதிலிருந்து வேறு. அதை முழு மனதோடு மதிக்க வேண்டும்.

நெடுஞ்சுவர்:

கல்நெஞ்சன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கூட்டமைப்பு விலகிய இடங்களில் பழைய போல்டை மாற்றுவது யார்? பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்களின் தன்னார்வலர்கள்தான். அவர்களுக்குப் பணம் வரும் முக்கிய வழிகளில் ஒன்று, அந்த ஊரிலேயே அச்சிட்டு விற்கும் வழிக்கையேடு. கைபேசியில் இலவசமாக எல்லாம் கிடைத்தாலும் அந்தப் புத்தகத்தை வாங்குங்கள். நீங்கள் தொங்கும் இரும்புக்கு நீங்கள் தரும் கூலி அது.

குன்றேறி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாதத்தின் முதல் பாதி ஃபோன்தென்புளோவில். பிறகு ரயிலில் தெற்கே இறங்கி, கார் எடுத்துக்கொண்டு ஓர்பியேர். இறுதியில் கலாங்க் என்று முடிவு செய்திருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டால் தெற்குப் பயணத்தை முன்கூட்டியே தொடங்குவோம். வெர்தோனைச் சாலையிலிருந்து பார்ப்போம். செயூஸ் வேறொரு காலத்துக்கு.

இரண்டு சிறு கேள்விகள் மட்டும். விழுந்தால் தாங்கும் மெத்தையான கிராஷ் பேடை விமானத்தில் கொண்டுவர வேண்டுமா? காட்டில் கூடாரம் அடிக்க அனுமதி உண்டா?

வாணி_பாரிஸ்:

நல்ல திட்டம், குன்றேறி. பேட் கொண்டுவர வேண்டாம். காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் கிடைக்கும், விடுதிகள் சிலவும் தருகின்றன. மகளுக்கு அவளுடைய காலணியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். குழந்தைகளின் அளவு வாடகையில் எளிதில் அமையாது.

காட்டுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது; நெருப்பு மூட்டுவதற்கு எந்தப் பருவத்திலும் அனுமதியில்லை, சிறிய அடுப்பும் இதில் அடக்கம். மியி-லா-ஃபொரே, புவா-ல-ருவா ஊர்ப்புறங்களில் முகாமிடங்களும் வாடகை வீடுகளும் இருக்கின்றன. அக்டோபர் இறுதியில் பள்ளி விடுமுறை வருவதால் வீட்டை இப்போதே பதிவு செய்வது நல்லது. இலையுதிர்காலம் வேட்டைக் காலமும்கூட. எந்த நாளில் எந்தப் பகுதி என்பதை வனத்துறை நுழைவிடங்களில் எழுதி வைக்கும், அந்த நாட்களில் வேறு பகுதிக்குப் போங்கள். வண்டி நிறுத்துமிடங்களில் கண்ணாடியை உடைத்துத் திருடுவது அடிக்கடி நடக்கிறது. கடவுச்சீட்டை ஒருபோதும் காரில் வைக்காதீர்கள். மாலையில் மூவரும் உடலில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் 112. காட்டின் பாதைச் சந்திப்புகளில் பெயர்ப்பலகை இருக்கும். அந்தப் பெயரைச் சொன்னால் மீட்புக் குழுவினர் விரைவில் வந்து சேர்வார்கள், ஆகவே ஏறத் தொடங்கும் முன்பே அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.